அரசருக்கு ஒரு கடிதம்

உலகிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கென ஒரு குறைகேள் அதிகாரியை 1981இல் நியமித்த நாடு நோர்வே. 1987இல் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதையும் சட்டம் தடைசெய்தது. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பது சட்டத்துக்கு எப்படித் தெரியும்?

2003இல் குரோ டாலெ எழுதி, ஸ்வைன் நீஹுஸ் படம் வரைந்த ‘சின்னா மன்’ வந்தது. ‘கோபக்கார மனிதன்’ என்று பொருள். அடிக்கும் அப்பாவுக்குப் பயந்து வாழும் சிறுவன் அரசருக்குக் கடிதம் எழுதுகிறான். அரசர் வருகிறார், பிழை உன்னுடையதல்ல என்கிறார். அப்பாவுக்கும் உதவி கிடைக்கிறது. 2009இல் அனித்தா கில்லி இதை அனிமேஷன் படமாக்கினார்.

“வீட்டு விசயத்தை வெளியில சொல்லாதே” என்று கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் கடிதம்தான் கதையின் மிகத் துணிச்சலான இடம். அவன் சொன்னான்; ஒருவர் நம்பினார்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு அரசரின் விலாசம் தேவையில்லை. 116 111க்கு அழைத்தால் போதும்.