கொல்கத்தா பிரியாணிக்கு எந்த ஸ்காட்ச் ஒத்துப்போகும்?

அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் ஆட்சியை 1856-ல் ஆங்கிலேயர்கள் பறித்தனர். அதன்பின் அவர் குடியேறிய இடம், கொல்கத்தா கார்டன் ரீச்சில் உள்ள மட்டியாபுருஜ். உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்காட்ச் என்றால்?

ஸ்காட்லாந்தில் தயாராகி, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஊறி, 40 சதவீத ஆல்கஹாலாவது இருந்தால்தான் அந்தப் பெயர்.

காரத்தோடு ஏன் சேராது?

மிளகாய் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டும். காரமான ஆந்திரா பிரியாணியோடு 'ரா'வா குடிச்சா எரிச்சல் கூடத்தான் செய்யும். கொல்கத்தா பிரியாணியில் காரம் கம்மி, தாழம்பூ வாசனை தூக்கல்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஷெர்ரி பீப்பாயில் ஊறிய ஸ்பேசைட் வகைகளில் உலர்பழ இனிப்பு இருக்கும். மட்டன் பிரியாணிக்குப் பொருந்தும். லஃப்ரோய்க் போன்ற ஐலா தீவு வகைகளின் புகை வாசனை தாழம்பூவை அமுக்கிவிடும். அதை சீக் கபாப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தண்ணீர் கலந்தால் எரிச்சல் குறையும், மணமும் நன்றாகத் தெரியும்.

விலை குறையுமா?

2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்தின்படி, 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகவும், பத்து ஆண்டுகளில் 40 ஆகவும் இறங்கும். ஆனால் மாநில கலால் வரி தனி. அதனால் பாட்டில் விலை பாதியாகிவிடும்னு கணக்குப் போடாதீங்க.

ஒன்றை மறக்க வேண்டாம்: மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. குடிக்காதவர்களுக்கு பிரியாணி மட்டுமே போதும்.