இராமநாதனும் பெண் வாக்குரிமையும்

இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். ஆண்பிள்ளைகளுக்கான பரமேசுவராக் கல்லூரி எட்டு ஆண்டுகள் கழித்து, 1921இல்தான் எழுந்தது. பெண்கல்வியை அவ்வளவு முன்னே வைத்த அதே மனிதர், அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அமைத்த டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென்று வாதிட்டார். முதுமையில் நேர்ந்த சறுக்கல் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அவருடைய பெண்கல்விப் பணியும் வாக்குரிமை எதிர்ப்பும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை என்றே நான் கருதுகிறேன்.

பக்கத்து உடுவிலில் 1824 முதல் அமெரிக்க மிஷனின் பெண்பாடசாலை நடந்துவந்தது. படிக்கப் போகும் பெண் சமயம் மாறிவிடுவாளோ என்ற கவலை சைவக் குடும்பங்களை நெடுநாள் வாட்டியது. அக்கவலைக்கு விடையாக வந்ததே இராமநாதன் கல்லூரி. சைவ இல்லத்தைக் காக்கும் பெண் அதற்கு வேண்டியிருந்தாள். ஆட்சியைத் தீர்மானிக்கும் பெண்ணை அது எண்ணிப் பார்க்கவில்லை.

சாதியைத் தவிர்த்துவிட்டு இவ்விடயத்தைப் பேசுவது நேர்மையாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வாக்குப் பெறுவதையும் அவர் சேர்த்தே எதிர்த்தார். சர்வசன வாக்குரிமை கும்பலாட்சியில் முடியும் என்று அஞ்சினார். 1911இல் அவர் வென்ற, சட்டசபையின் 'படித்த இலங்கையர்' தொகுதியின் வாக்காளர் ஏறத்தாழ 3,000 பேர். தகுதியுள்ள சிலர் பலருக்காகப் பேசுவதே அவர் அறிந்த அரசியல். பெண்ணும் தாழ்த்தப்பட்டவரும் அந்தப் 'பலருக்குள்' அடங்கினர்.

அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்ற சமாதானம் நிற்காது. 1927 டிசம்பரில் கொழும்பில் மகளிர் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வாவும் தோழியரும் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்ற கேள்வி வந்தது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் அக்னஸ். தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்காக அங்கே வாய்திறந்தவர் பறங்கியர் குடும்பத்தில் பிறந்த ஒருவர். தமிழரின் முதுபெருந் தலைவரோ எதிர்ப்பக்கம் நின்றார். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

1929 டிசம்பரில் சட்டசபை, சர்வசன வாக்குரிமையை உள்ளடக்கிய டொனமூர் திட்டத்தை 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றது. இராமநாதன் 1930இல் இலண்டன்வரை சென்று எதிர்த்தார். அவ்வாண்டு நவம்பரில் காலமானார். பெண்களுக்கு ஆணைக்குழு பரிந்துரைத்த 30 வயது வரம்பு 21 ஆகக் குறைந்து, 1931 தேர்தலில் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். மறு ஆண்டு கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்று, சட்டசபைக்குப் பதிலாக வந்த அரசாங்க சபைக்குள் நுழைந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டும், முழுச் சுயாட்சி கோரிய இளைஞர் காங்கிரஸின் புறக்கணிப்பால் நான்கு தொகுதிகளிலும் 1931இல் தேர்தல் நடக்கவில்லை. மருதனார்மடத்துப் பெண்கள் 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு காங்கேசன்துறையின் அரசாங்க சபை உறுப்பினரானவர் இராமநாதனின் மருமகன் நடேசன்.