பேறுகால வலியும் விவிலிய விளக்கமும்: 1847ஆம் ஆண்டு மயக்க மருந்து விவாதம் குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவத் தொழில்நுட்பத்தைக் கிறித்தவம் எதிர்த்தது என்பதற்குப் பேறுகால மயக்க மருந்து ஒரு சான்றாகக் காட்டப்பெறுகின்றது. ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் 1896இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரப்பியது. அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சிம்சனின் வாதம்

எடின்பரோ பல்கலைக்கழக மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் யங் சிம்சன், 1847 ஜனவரியில் ஈதரையும் நவம்பரில் குளோரோஃபார்மையும் மகப்பேற்றில் பயன்படுத்தினார். டிசம்பரில் சமய மறுப்புகளுக்கு விடையாகச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். ஆதியாகமம் 3:16இல் பெண்ணுக்கு விதிக்கப்பட்டதைக் குறிக்கும் எபிரேயச் சொல் உழைப்பையும் பாட்டையுமே சுட்டுகிறது, உடல் நோவை அன்று என்பது அவர் கொள்கை. அடுத்த வசனத்தில் ஆணின் நிலத்துழைப்புக்கும் அதே வேர்ச்சொல்லே வருகின்றது. முள்ளைக் களைந்து உழவன் தன் பாட்டைக் குறைத்துக்கொள்வது இறைவிதியை மீறுவதாகாது எனில், பெண்ணின் பாட்டைக் குறைப்பது மட்டும் எவ்வாறு மீறலாகும் என்று அவர் வாதிட்டார். ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் அவனுக்கு அயர்ந்த நித்திரை அளிக்கப்பட்டதையும் (2:21) எடுத்துக்காட்டினார்.

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே பரவலாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு, பெண்ணுக்கு ‘வேதனை’ என்றும் ஆணுக்கு ‘வருத்தம்’ என்றும் பெயர்க்கின்றது. ஆகவே சிம்சன் சார்ந்து நின்ற சொல்லொற்றுமை தமிழில் மறைந்துவிடுகின்றது. ஒரே வேர்ச்சொல், பெண்ணிடத்தில் தாங்கவேண்டிய நோவாகவும் ஆணிடத்தில் உழைப்பின் சிரமமாகவும் பிரிந்து நிற்கின்றது.

எதிர்ப்பின் இயல்பு

திருச்சபைகள் அமைப்புமுறையாக எதிர்த்தமைக்குச் சான்று மிகக் குறைவு என்பதை ஏ. டி. ஃபார் 1983இல் எடுத்துரைத்தார். அவ்வகையில் சிம்சனின் நூல் பெரிதும் முன்கூட்டியே அளித்த விடையாகும். வலுவான மறுப்பு மருத்துவரிடமிருந்தே எழுந்தது. பிலடெல்பியாவின் சார்லஸ் மெய்க்ஸ், பேற்றுவலி இயற்கையானது, மருத்துவனுக்கு வழிகாட்டுவது என்றார். அதனை இறைவன் வகுத்த ஒழுங்காகவும் கருதினார். சமயச் சொல்லாட்சி மருத்துவத் தயக்கத்துக்குத் துணையாக நின்றதை இங்குக் காணலாம்.

1853 ஏப்ரலில் விக்டோரியா அரசி, ஜான் ஸ்னோ அளித்த குளோரோஃபார்மின் துணையோடு இளவரசர் லியோபோல்டைப் பெற்றார். தம் நாட்குறிப்பில் அம்மருந்தைப் பாராட்டினார். ஆண்களே பெரிதும் பேசிய இவ்விவாதத்தில், வலியை உணர்ந்தவரின் சொல்லாக எஞ்சிய அரிய பதிவு அது.

முடிவுரை

வலியற்ற மகப்பேற்றை விவிலியம் தடுக்கவில்லை எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956இல் தெளிவுபடுத்தினார். எனவே இவ்விவாதத்தைச் சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான போராகக் காண்பதினும், ஒரு வசனத்தை யார், எந்தச் சொல்வழி வாசித்தனர் என்னும் வினாவாகக் காண்பதே பொருந்தும். இன்றைய உயிரியல் அறவியல் விவாதங்களில் விவிலியச் சான்று காட்டப்படும்போதும், மூலச்சொல்லையும் அதன் தமிழாக்கத்தையும் ஒப்பிட்டு நோக்குதல் இன்றியமையாதது.