செஞ்சி மலைவழியும் சிவாலய வரலாறும்

புதுச்சேரிக் கடற்கரையிலே காந்தியடிகளின் திருவுருவத்தைச் சூழ எட்டுக் கருங்கற்றூண்கள் ஓங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லாலாயது. நுண்ணிய சிற்பவேலை பொருந்தியது. கடற்காற்றை நுகர மாலையில் வருவோர் பலர் அவற்றின் அடியில் அமர்ந்து இளைப்பாறுவர். அத்தூண்கள் அவ்விடத்திற்கென வடிக்கப்பட்டவை அல்ல. அவை செஞ்சிக் கோட்டைக்குள் இருந்த கோயிலினின்றும் பெயர்த்துக் கொணரப்பட்டவை. 1870ஆம் ஆண்டிலே பிரெஞ்சு ஆட்சியாளர் தம் பழைய ஆளுநராகிய துய்ப்ளேயின் சிலையை அக்கடற்கரையில் நிறுவியபோது, அதன் பீடத்திற்கும் செஞ்சிக் கற்களையே கொண்டனர். சிலை பின்னர்க் கடற்கரையின் தென்பகுதிக்குப் பெயர்ந்தது. செஞ்சித் தூண்களோ வந்த கதையைச் சொல்லாமற் சொல்லி நின்றுகொண்டிருக்கின்றன.

அக்கதையை அறிய விழைவோர் புதுச்சேரியினின்றும் வடமேற்கே ஏறத்தாழ 40 கல் தொலைவு சென்று, செஞ்சி மலைகளில் ஒரு பகல் நடத்தல் வேண்டும். செஞ்சியின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. முற்றுகையிட்டோர் எவர், வென்றோர் எவர், தோற்றோர் எவர் என்பனவே அதில் நிரம்பியுள்ளன. ஆயினும், அம்மலைமேல் இருந்தோர் செய்த முடிபுகள் சமவெளியிலுள்ள சிவாலயங்களின் நன்மை தீமைகளைப் பல முறை அறுதியிட்டன என்பது சைவ மக்களாற் கருதத்தக்கதாகும். அம்முடிபுகளை நடுநிலையில் நின்று ஆராயுங்கால், அழித்தோர் இன்ன சமயத்தார், காத்தோர் இன்ன சமயத்தார் என எளிதிற் பிரித்தல் இயலாது என்பதும் புலனாகும்.

நடையை மேலச்சேரியில் தொடங்குதலே முறையாகும். செஞ்சி நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ மூன்று கல் தொலைவில் உள்ள இச்சிற்றூர் பழைய செஞ்சி என்றும் வழங்கப்பெறும். இங்கே பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயில் ஒன்று உளது. மத்திலீசுவரர் கோயில் என மக்கள் அதனை வழங்குவர். பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டொன்று, சந்திராதித்தன் என்னும் அரசன் சிங்கபுரத்திலே இக்கோயிலை எடுப்பித்தான் என்றும், இதன் பெயர் சிகரி பல்லவேசுவரம் என்றும் அறிவிக்கின்றது. சிகரி என்பது சிகரத்தையுடைய மலை எனப் பொருள்படும். எனவே, மலையின் பெயராலேயே இறைவன் கோயிலுக்குப் பெயரிட்டனன் அம்மன்னன். அண்மையிலுள்ள சிங்கவரத்திலே திருமால் பள்ளிகொண்ட குடைவரையும் உளது. சிங்கபுரம் என்னும் பழம்பெயரின் திரிபே சிங்கவரம் என்ப.

இவ்விடத்து ஒன்று கருதற்பாலது. செஞ்சி மலையை முதலில் அரண் செய்தவன் ஆனந்தக்கோன் என்றும், அது 1200ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது என்றும் மரபு வழிக் குறிப்புக்கள் கூறும். பல்லவர் குடைவரையோ அதற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது. ஆகவே, இம்மலைத்தொடர் போர்க்களமாதற்கு முன்னரே வழிபாட்டிடமாய் இருந்தது என்பது தெளிவு. கோட்டையைக் காண வருவோருட் பலர் மேலச்சேரியை அறியாது திரும்புதல் இரங்கத்தக்கது. அதனைக் காணாதவர் செஞ்சி வரலாற்றின் முதலேட்டைப் புரட்டாது நடுவேட்டிலிருந்து படிப்பவரை ஒப்பர்.

மேலச்சேரியினின்றும் தென்கிழக்கே நடப்போர்க்குக் கிருஷ்ணகிரி எதிர்ப்படும். செஞ்சிக் கோட்டை என்பது ஒரு மலையன்று. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே இராசகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்னும் மூன்றும் மதிலாற் பிணைக்கப்பட்டு முக்கோணமாய் அமைந்தது. அம்மதில்களின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் எனக் கணக்கிடுவர். கிருஷ்ணகிரியின் கற்படிகள் ஏறுதற்கு ஓரளவு எளியன. உச்சியில் களஞ்சியங்களும், கோயில்களும், மேற்கவிகையோடு கூடிய அழகிய மண்டபமும் உள்ளன. அங்கு நின்று நோக்கின், உருண்ட பெரும்பாறைகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டன போலக் கிடக்கும் மலைமுகடுகளும், அவற்றின்மீது ஏறியும் இறங்கியும் செல்லும் மதிலும் தோன்றும். இயற்கை விட்ட இடைவெளியை மட்டுமே மனிதர் அடைத்தனர். எஞ்சிய காவலைப் பாறைகளே செய்தன.

கிருஷ்ணகிரியினின்றும் இறங்கித் திருவண்ணாமலைச் சாலையைக் கடந்தால் இராசகிரியின் அடிவாரம் வரும். கமலகிரி என்பதும் இதற்குரிய பழம்பெயர். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இம்மலைவழியின் இடையே கமலக்கண்ணியம்மன் கோயில் உளது. கோட்டை வேந்தர் அனைவரும் மறைந்த பின்னும் அங்கே வழிபாடு மறையவில்லை. மேலும் ஏறிச்சென்றால், உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடும். அதன் அகலம் ஏறத்தாழ 24 அடி; ஆழம் ஏறத்தாழ 60 அடி. பாலத்தை எடுத்துவிட்டால் பெரும்படையும் அப்பால் செல்ல இயலாது. இத்துணை அரணுடைய உச்சியில் இருந்தோர்க்கு, தம்மை எவரும் வினவார் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே.

அவ்வெண்ணத்தின் விளைவு 1597ஆம் ஆண்டிலே தில்லையில் வெளிப்பட்டது. அப்பொழுது செஞ்சியில் ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். அவர் தில்லைத் திருக்கோயிலுள் இருக்கும் கோவிந்தராசர் சந்நிதியைத் திருத்திப் பெருக்க முற்பட்டனர். நடராசப் பெருமானின் பூசகர் அதனை எதிர்த்தனர். அவ்வாண்டில் அங்கு வந்திருந்த இயேசு சபைக் குருவாகிய பிமெந்தா என்பார் அந்நிகழ்ச்சியைத் தம் கடிதத்தில் வரைந்துள்ளார். வேண்டுகோள் பயன்படாமையால் பூசகர் கோபுரத்தின்மீது ஏறி வீழ்ந்து உயிர் துறந்தனர் என்றும், அவ்வாறு மாண்டோர் இருபதின்மர் என்றும், சினங்கொண்ட நாயக்கர் எஞ்சினோர்மீது சுடுமாறு பணிக்க இருவர் இறந்தனர் என்றும் அவர் கூறுகின்றார். பிமெந்தா இருதிறத்தார் சமயத்தையும் ஏலாதவர். ஆதலின், அவர் சொற்களை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். எனினும், ஒரு கோயிலினுள்ளே இரு சந்நிதிகளின்பொருட்டு எழுந்த வழக்கு, மலைமேலிருந்த அரசனின் ஆணையாற் குருதியில் முடிந்தது என்பது மறைத்தற்குரியதன்று.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1648ஆம் ஆண்டின் இறுதியில் விசயபுரச் சுல்தானின் படை செஞ்சி நாட்டைச் சூழ்ந்தது, செஞ்சி வீழ்ந்தது. அவ்வச்சத்தால் 1648 திசம்பர் 24ஆம் நாள் தில்லைக் கூத்தப்பெருமானின் திருமேனி சிற்றம்பலத்தை விட்டு எடுத்துச் செல்லப்பட்டது. குடுமியான்மலையிலும், பின்னர் மதுரையிலும் அத்திருமேனி மறைத்துக் காக்கப்பட்டது. ஏறத்தாழ 38 ஆண்டுகள் தில்லைவாழ் அடியார்க்கு அத்திருமேனியின் காட்சி கிடைத்திலது.

1677ஆம் ஆண்டிலே சிவாசி செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் சாம்பாசியின் காலத்தில், மராத்தியரின் அதிகாரியாகிய கோபால் தாதாசி தில்லைத் திருப்பணியை மேற்கொண்டார். 1686 நவம்பர் 14ஆம் நாள் பெருமான் மீண்டும் சிற்றம்பலத்தில் எழுந்தருளினார். இதனைச் சாம்பாசி காலத்துச் செப்பேடுகள் அறிவிக்கின்றன. தில்லையை ஒருமுறை நடுங்கச் செய்த செஞ்சி அரசே, ஆள்வோர் மாறிய பின் தில்லைக்குத் துணையாயிற்று. மலை அதுவே, மதிலும் அதுவே, மாறியது மலைமேல் இருந்தோர் உள்ளம்.

இராசகிரியின் கீழ்க்கோட்டைக்கு இறங்குவோர் கல்யாண மகாலையும், களஞ்சியங்களையும், சாதத்துல்லா கான் 1717–18இல் எடுத்த பள்ளிவாசலையும் காண்பர். அவனோடு பொருது 1714இல் மாண்டவனே தேசிங்குராசன். இந்து வீரனாகிய தேசிங்கும் அவன் நண்பனாகிய இசுலாமியத் தலைவன் மகபத்துக்கானும் ஒரே போரில் உயிர் கொடுத்தனர். தமிழ்நாட்டு நாட்டுப்பாடல் இன்றும் அவ்விருவரையும் பிரியாது போற்றுகின்றது. நட்பும் பகையும் சமயப் பெயரைக் கேட்டு வருவன அல்ல என்பதற்கு இது சான்றாம்.

இனிப் புதுச்சேரியின் தொடர்பு கூறப்படும். 1674ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரியில் வேரூன்றிய பிரெஞ்சு வணிகர், செஞ்சியில் ஆள்வோரின் இசைவைப் பெற்றே வாழ்ந்தனர். 1677இல் அவர்தம் தலைவராகிய பிரான்சுவா மர்த்தேன் சிவாசியிடம் இசைவு வேண்டிப் பெற்றார். மலைக்குப் பணிந்த அக்கடற்கரைக் குடியேற்றம் நாளடைவில் வலிமை பெற்றது. 1748ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட காலத்தில், ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில், கிறித்தவ ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் திருக்கோயில் செப்டம்பர்த் திங்களில் இடிக்கப்பட்டது. அதனை அகற்ற வேண்டுமென்னும் முயற்சி பன்னெடுங்காலமாகவே இருந்துவந்தது. முற்றுகை அதற்கு வாய்ப்பாயிற்று.

அவ்விடிப்பைத் துயரத்தோடு எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் வைணவர், துய்ப்ளேயின் துபாசி, பிரெஞ்சு அரசின் செல்வாக்கால் உயர்ந்தவர். எனினும், சிவன் கோயில் வீழ்ந்ததைத் தம் நாட்குறிப்பில் மறையாது வரைந்தார். கோவிந்தராசர் பொருட்டுத் தில்லைப் பூசகர்மேல் சுடச்செய்த வைணவ அரசரையும், வேதபுரீசர் கோயிலுக்காக நெஞ்சு நொந்த வைணவத் துபாசியையும் ஒருங்கு வைத்து நோக்கின், ஒருவர் செயலை அவர் சமயத்தார் அனைவர்மேலும் ஏற்றுதல் எத்துணைப் பிழை என்பது தெற்றென விளங்கும். பிற்காலத்தில் வேதபுரீசர்க்கு வேறிடத்தில் கோயில் எழுந்தது. இன்றும் ஆங்கு வழிபாடு நடைபெறுகின்றது.

கோயில் இடிக்கப்பட்டு இரண்டாண்டு நிறைந்த அதே செப்டம்பரில், 1750இல், புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி செஞ்சியை ஓரிரவிலே கைப்பற்றினான். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பெற்ற கோட்டை அது. எட்டாண்டு தாங்கிய மதில், காவல் தளர்ந்தபோது ஓரிரவும் தாங்கவில்லை. கீழ்க்கோட்டையில் நாயக்கர் காலத்தில் எழுந்த வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பல பிரெஞ்சுக்காரராற் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அக்கோயிலின் வெறுமையான இடங்களை இன்று காண்போர், கடற்கரையில் நிற்கும் தூண்களை நினைவுகூர்தல் வேண்டும். சிவன் கோயிலை இழந்த புதுச்சேரிக்குத் திருமால் கோயிலின் தூண்கள் சென்றன. வெற்றிச் செருக்கிற்கு இரு கோயிலும் ஒன்றே.

அவ்வெற்றியும் நெடிது நின்றிலது. 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது. நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நகர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். ஏப்ரல் 5ஆம் நாள் செஞ்சியும் பணிந்தது. கோயிலை இடித்தோர் நகரம் இடிந்தது கண்டு, இது தக்க தண்டனை என மகிழ்வாரும் உளர். அது சைவர்க்கு அழகன்று. இடிந்த மனைகளில் வாழ்ந்தோர் கோயிலை இடித்தோர் அல்லர். அக்கோயிலில் வழிபட்டோரும் அவருள் பலர்.

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை மராத்தியர் கோட்டைகள் பதினொன்றோடு சேர்ந்து உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. இனி அங்கு வருவோர் பெருகுவர். அவர்க்குப் போர்க்கதைகளோடு இவையும் சொல்லப்படல் வேண்டும்: 1597இல் தில்லையில் நிகழ்ந்தது, 1686இல் பெருமான் மீண்டது, 1748இல் வேதபுரீசர் கோயில் வீழ்ந்தது. நல்லன தீயன இரண்டையும் ஆண்டோடும் செய்தோர் பெயரோடும் உள்ளவாறு கூறுதலே வரலாற்றுக்கு அறமாம். ஒன்றை மிகுத்தும் ஒன்றை மறைத்தும் கூறின், புதிய பகைக்கு அது வித்தாகும்.

பொழுது சாயும் வேளையில், நடந்து களைத்தோர் கோட்டையின் கிழக்கு வாயிலை அடைவர். அதன் பெயர் புதுச்சேரி வாயில். அங்கு நின்று திரும்பி நோக்கின், இராசகிரியின் உச்சி மட்டும் சிறிது நேரம் ஒளியோடு நிற்கும். யான் என்றும் எனது என்றும் கருதி அவ்வுச்சியில் வீற்றிருந்தோர் எத்துணையர்! கோன், நாயக்கர், சுல்தான், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அனைவரும் வந்து நீங்கினர். மலையைத் தன் பெயரிற் கொண்ட சிகரி பல்லவேசுவரமோ, அரணும் அகழியும் இன்றி, வடமேற்கே தன் பாறையுள் அமைந்திருக்கின்றது. காவல் வேண்டாதவன் கோயில் அது. அதனைக் காலையிற் கண்டோர்க்கே மாலையில் இக்கோட்டையின் பொருள் விளங்கும்.