சாலையைக் கடந்த சுவர்

மெக்சிகோ நகரத்தில், அலமேதா பூங்காவுக்கு எதிர்ப்பக்கம், 1940-களில் ஹோட்டல் டெல் பிராடோ என்ற பெரிய விடுதி எழுந்தது. வசதி படைத்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடப்போகும் அதன் உணவுக்கூடத்துக்கு 'வெர்சாய்' என்று அரண்மனைப் பெயர். அந்தக் கூடத்துச் சுவரில் ஓவியம் தீட்ட அழைக்கப்பட்டவரோ பொதுவுடைமைவாதி டியேகோ ரிவேரா. 1947-இல் அவர் வரைந்து முடித்த படம் 15 மீட்டருக்கு மேல் நீளம், 4 மீட்டருக்கு மேல் உயரம். 'அலமேதாவில் ஒரு ஞாயிறு பிற்பகலின் கனவு' என்பது பெயர். எதிரே இருக்கும் பூங்காவைத்தான் வரைந்திருந்தார். ஆனால் அதில் நானூறு ஆண்டு மக்கள் ஒரே மாலையில் உலாவுகிறார்கள்.

அப்போது ரிவேராவுக்கு அறுபது வயது. 1886-இல் குவானாஹுவாத்தோவில் பிறந்தவர். சான் கார்லோஸ் கலைக்கழகத்தில் பாடம் படித்து, 1907-இல் ஐரோப்பா போய், பாரிஸில் கியூபிசம் பழகி, இத்தாலியில் பழைய தேவாலயச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு 1921-இல் ஊர் திரும்பினார். கல்வி அமைச்சகக் கட்டடமும் தேசிய மாளிகையும் அவரைச் சுவரோவியராக உலகுக்குக் காட்டின. ஆனால் அவர் இன்னொரு தொழிலையும் விடாமல் செய்துவந்தார். செல்வர் வீட்டுப் பெண்களும் திரை நட்சத்திரங்களும் அவரிடம் உருவப்படத்துக்கு உட்கார்ந்தார்கள். 1943-இல் திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவரின் மனைவி நத்தாஷா கெல்மானை வெள்ளை உடையில், வெள்ளைப் பூக்களுக்கு முன்னே சோபாவில் சாய்ந்தபடி வரைந்திருக்கிறார். புரட்சியைச் சுவரிலும் சீமாட்டியைத் துணியிலும் தீட்டுகிறாரே என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது முரணாகப் படவில்லை. ஒரு முகத்தைப் பார்த்து அதன் ஆளைப் பிடிக்கிற கை இல்லாவிட்டால் அந்தச் சுவர்களில் இருப்பது வெறும் கூட்டமாகத்தான் இருந்திருக்கும். அவருடைய சுவர்களுக்கு வந்த வம்பெல்லாம்கூட முகங்களால் வந்ததுதான். 1933-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் லெனின் முகத்தை வரைந்தார். அழிக்கச் சொன்னார்கள், மறுத்தார். பேசிய கூலி 21,000 டாலரையும் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். 1934 பிப்ரவரியில் அந்தச் சுவரைச் சுத்தியலால் உடைத்தார்கள்.

அலமேதா படத்தை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இடது ஓரத்தில் ஸ்பானியப் படையெடுப்பாளர் கோர்டெஸ், சமய விசாரணை மன்றம் தண்டித்தவர்களின் கூம்புக் குல்லாய்கள், கவிஞர் துறவி சோர் ஹுவானா. அடுத்து, அமெரிக்கத் தளபதியிடம் நாட்டின் சாவிகளைக் கொடுக்கும் மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னா. அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ். நடுவில் சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸ் காலத்துச் சீமான்கள், தொப்பியும் குடையுமாக. அங்கேயே ஒரு போலீஸ்காரர் பூர்வகுடிக் குடும்பம் ஒன்றைப் பூங்காவிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறார். வலது பக்கம் மெக்சிகோப் புரட்சி, குதிரைமீது அதன் தலைவர்களில் ஒருவரான சாபாத்தா.

சரியான மையத்தில் நிற்கும் கூட்டம்தான் படத்தின் உயிர். குட்டைக் கால்சட்டை போட்ட ஒரு பையன், சட்டைப்பையில் தவளை. அது ரிவேராவேதான். பின்னால் நின்று அவன் தோளில் கைவைத்திருப்பவர் அவர் மனைவி ஃப்ரீதா காலோ. கணவனைச் சிறுவனாகவும் மனைவியைத் தாய்போலவும் வரைந்திருப்பதில் ஒரு குறும்பும் ஒரு ஒப்புதலும் இருக்கின்றன. அந்தப் பையனின் கையைப் பிடித்திருப்பது இறகுச் சால்வை போட்ட ஓர் எலும்புக்கூட்டுச் சீமாட்டி, கத்ரீனா. அவள் மறுகை கோத்திருப்பது அச்சுச் சித்திரக்காரர் ஹோசே குவாதலூப்பே பொசாதாவின் கையை. அந்த மண்டையோடும் அகலத் தொப்பியும் பொசாதாவின் பழைய அச்சுப்படத்திலிருந்து வந்தவை. அவர் வரைந்தது தலையை மட்டுமே. அதற்கு உடலும் பாவாடையும் கொடுத்து நிற்கவைத்தவர் ரிவேரா. இன்று இறந்தோர் நாள் விழாவில் மெக்சிகோப் பெண்கள் போட்டுக்கொள்ளும் கத்ரீனா வேடம், தலையைப் பொசாதாவிடமும் மீதியை இந்தச் சுவரிடமும் வாங்கிக்கொண்டது.

வம்பு வேறொரு முகத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் இக்னாசியோ ராமிரெஸ் கையில் ஒரு தாள் பிடித்திருந்தார். அதில் 'கடவுள் இல்லை' என்று எழுதியிருந்தது. இளவயதில் லெத்ரான் கழகத்தில் தம் உரையை அவர் அந்தக் கருத்தோடு தொடங்கினார் என்பது வரலாறு. 1948-இல் விடுதித் திறப்புக்கு ஆசி வழங்கப் பேராயர் லூயிஸ் மரியா மார்த்தினெஸ் மறுத்துவிட்டார். மாணவர் கும்பல் ஒன்று உள்ளே புகுந்து அந்த எழுத்துகளைச் சுரண்டியது. சிறுவன் ரிவேராவின் முகத்தையும் விடவில்லை. ரிவேரா வந்து திரும்ப எழுதினார். கடைசியில் நிர்வாகம் படத்துக்குத் திரை போட்டது. சாப்பிட வந்தவர்கள் எட்டு ஆண்டுகள் திரையைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

1956 ஏப்ரலில் ரிவேரா மாஸ்கோவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். ஃப்ரீதா இறந்து இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. அவரே சாரத்தில் ஏறி அந்தச் சொற்களை அழித்தார். அந்த இடத்தில் லெத்ரான் கழகத்தில் 1836-இல் நடந்த உரை என்று மட்டும் எழுதினார். நியூயார்க்கில் லெனினை விட்டுக்கொடுக்காதவர் இங்கே பணிந்துவிட்டார் என்று சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த உரை என்ன சொன்னது என்று தேடிப்போகிறவர் அழிக்கப்பட்ட வரியில்தான் போய் நிற்பார். சொல்லை எடுத்துவிட்டு அதன் முகவரியை விட்டுவைத்தார். திரை விலகியது. அடுத்த ஆண்டு நவம்பர் 24-இல் ரிவேரா இறந்தார்.

இதன் பிறகுதான் சுவர் நகரத் தொடங்குகிறது. துணியில் வரைந்த படம் என்றால் சுருட்டிக்கொண்டு போய்விடலாம். இது ஈரச் சுண்ணாம்பில் தீட்டியது. அன்றன்றைக்கு வரையக்கூடிய அளவுக்கு மட்டும் சாந்து பூசி, அது காய்வதற்குள் நீரில் குழைத்த வண்ணத்தைத் தடவிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால் படம் போகிற இடத்துக்குச் சுவரும் போக வேண்டும். 1960 வாக்கில் உணவுக்கூடத்திலிருந்து விடுதியின் வரவேற்புக் கூடத்துக்கு வந்தது. அது ஒரே கூரைக்குள் நடந்த சிறு பயணம்.

1985 செப்டம்பர் 19 காலை ஏழேகாலைத் தாண்டியதும் நிலம் நடுங்கியது. மையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கரையோரம். ஆனால் மெக்சிகோ நகரத்தின் நடுப்பகுதி வற்றிய ஏரியின் களிமண்மேல் நிற்பது. தொலைவில் வலுவிழந்திருக்க வேண்டிய அதிர்வை அந்தக் களிமண் பெருக்கிக் காட்டியது. நடுத்தர உயரக் கட்டடங்களே அதிகம் சரிந்தன. பக்கத்திலிருந்த ஹோட்டல் ரெஹிஸ் இடிந்து எரிந்துபோயிற்று. டெல் பிராடோ விழவில்லை. ஆனால் இனி ஆள் தங்க முடியாத நிலை. உள்ளே படம் பெரிய சேதமில்லாமல் நின்றிருந்தது.

கட்டடத்தை இடிக்க வேண்டும், படத்தைக் காக்க வேண்டும். எஃகுச் சட்டத்தோடு சேர்த்துச் சுமார் 35 டன் எடை. 1986 டிசம்பரில் அதை வெளியே எடுத்து, நிற்கிற நிலையிலேயே வண்டியில் ஏற்றி, சாலைக்கு மறுபக்கம், ரெஹிஸின் வாகன நிறுத்துமிடமாக இருந்த மனைக்கு அங்குலம் அங்குலமாகக் கொண்டுபோனார்கள். பொறியியலில் வீரதீரம் என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான் என்பேன். ஒரு விரிசல் விழுந்திருந்தால் யார் முகத்தில் விழுந்திருக்குமோ! படம் போய் நின்ற பிறகு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கூரை போட்டு, 1988-இல் டியேகோ ரிவேரா சுவரோவிய அருங்காட்சியகம் என்று திறந்தார்கள். ஒரே ஒரு படத்துக்காகக் கட்டப்பட்ட வீடு அது.

மெக்சிகோ நகரம் போகிற நம்மவர்கள் தேசிய மாளிகைச் சுவர்களைப் பார்த்த கையோடு வண்டியேறிவிடுகிறார்கள். அலமேதாவின் மேற்கு முனைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். முதலில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போவது நல்லது. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்.