திரும்பிப் போகும் அம்புக்குறி



சில மாதங்களுக்கு முன், குரோருட்டில் எங்கள் மாடிக்கட்டடத்தில் வசிக்கும் ஓர் அம்மாவுக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்ப உதவப் போனேன். நாலாம் பக்கத்தில் முன்னர் விட்ட பிழை நினைவுக்கு வர, உலாவியின் திரும்பிப் போகும் அம்புக்குறியை அழுத்தினார். எழுதியது எல்லாம் மறைந்து முதற்பக்கம் வந்தது. “நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ தம்பி?” என்றார். “இல்லை அம்மா” என்றேன். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் எங்கள் ஒஸ்லோவுக்கும் பங்குண்டு.

ஆரம்பகால இணையத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி. இணைப்பை அழுத்தினால் வழங்கியிலிருந்து புதிய பக்கம் முழுதாக வரும். போய்வந்த முகவரிகளை உலாவி வரிசையாகக் குறித்து வைக்கும். அம்புக்குறி அந்த வரிசையில் எங்களைப் பின்னே கூட்டிச்செல்லும்.

2004இல் ஜிமெயில், 2005இல் கூகிள் மப்ஸ் வந்தபின் பக்கம் ஒன்றே இருக்க, உள்ளடக்கத்தை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மாற்றும் முறை பரவியது. வேகம் கூடியது. ஆனால் கண்ணுக்கு நாலு பக்கம் தெரிந்தாலும் உலாவியின் குறிப்பில் ஒன்றுதான் இருக்கும். நிரலாளர்கள் முகவரியின் முடிவில் ‘ஹாஷ்’ குறியிட்டுச் சமாளித்தார்கள். அதன்பின் எழுதுவது வழங்கிக்குப் போகாது. உலாவியின் குறிப்பில் மட்டும் பதியும்.

ஒஸ்லோவில் பிறந்த உலாவி ஒபேரா. 1994இல் டெலினோரின் ஆய்வுத் திட்டமாக யொன் வொன் டெட்ச்னரும் கெய்ர் இவர்சொய்யும் தொடங்கியது, 1995இல் தனி நிறுவனமானது. 2004 யூனில் ஒபேரா, மொசில்லா, அப்பிள் ஆகியவற்றைச் சேர்ந்தோர் இணையத்தின் விதிகளைப் புதுப்பிக்க ஒரு பணிக்குழு அமைத்தனர். வரைவுகளைத் தொகுத்த இயன் ஹிக்சன் அப்போது ஒபேராவில் பணியாற்றினார். எச்.ரி.எம்.எல். 5 ஆக வளர்ந்த அந்த வேலையில் ‘புஷ்ஸ்டேட்’ என்ற வசதியும் வந்தது. பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே புதிய முகவரியைக் குறிப்பில் சேர்க்கலாம். அம்புக்குறியை அழுத்தினால் உலாவி நிரலுக்கு அறிவிக்கும். 2010க்கும் 2012க்கும் இடையில் முக்கிய உலாவிகள் எல்லாம் இதை ஏற்றன.

ஆனால் உலாவி வழியை மட்டுமே தரும். ஒவ்வொரு படியையும் குறித்து, எழுதியதைக் காப்பாற்றி வைப்பது நிரலாளரின் கடமை. அந்த விண்ணப்பத்தில் தவறியது அதுதான்.

எங்கள் வீடுகளில் நிரல் எழுதும் பிள்ளைகள் பலர். செய்ததை ஒப்படைக்கும் முன் அம்புக்குறியை ஒருதரம் அழுத்திப் பாருங்கள். முடிந்தால் அம்மாவை அழுத்தச் சொல்லுங்கள்.

அன்று விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து நிரப்பினோம். அந்த அம்மா அம்புக்குறிப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை.