வரைந்ததும் நடந்ததும்

நம் சாத்தம் மரஆலை 1883-ஆம் ஆண்டில் தோன்றியது. மரத்தின்மேல் நூல் அடித்துக் கோடிட்ட பின்னரே வாள் இறக்குவது மரத்தொழிலின் பழைய முறை. கோடு நேராக இருப்பினும் வாள் விலகக்கூடும். விலகிற்றா என்பதை அறுத்த பலகையே காட்டிவிடும். ஆனால், வேலை முழுதும் கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் நடைபெற்றால் என் செய்வது? கணினிப் பொறியாளரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாட்டி வரும் வினா இதுவே. நம் பிள்ளைகள் அத்துறையை நாடும் இந்நாளில், அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

கப்பல் எஞ்சினிலும், லிப்டிலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும் சிறு கணினிகள் பொதிந்துள்ளன. திரையோ விசைப்பலகையோ அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. எழுதிய ஆணைத்தொடர் பிழைபட்டால் இயந்திரமே பிழைபடும். இப்பிழையை ஒழிக்க இருவேறு கூட்டத்தார் இருவேறு வழிகளில் முயன்றனர்.

முதற் கூட்டத்தார் வரைவோர். 1983-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டில் 'லாவி' என்னும் போர் விமானம் உருவாகி வந்தது. அதன் மின்னணுப் பொறியாளருக்குத் துணைபுரியச் சென்றார் டேவிட் ஹாரல் என்னும் கணித அறிஞர். விமானத்தின் நடத்தை தடித்த ஏடுகளில் விரிவாக எழுதப்பட்டிருந்தது. எனினும், இன்ன நிலையில் இன்ன பொத்தானை அமுக்கினால் என்ன நிகழும் என்று வினவினால் தெளிந்த விடை கிடைக்கவில்லை. எனவே அவர் எழுத்தை விடுத்துப் படத்தை நாடினார். நிற்றல், ஏறுதல், இறங்குதல் என லிப்டின் நிலைகளைக் கட்டங்களாக்கி, ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழிகளை அம்புகளாக்குவது போன்றது அம்முறை. கட்டத்துக்குள் கட்டம் அமைக்கவும் அதில் இடமுண்டு. 'ஸ்டேட்சார்ட்' எனப்படும் இந்நிலைப்படம் பற்றிய அவருடைய கட்டுரை 1987-இல் அச்சாயிற்று. அதே ஆண்டில் லாவி விமானத் திட்டம் கைவிடப்பட்டது! விமானம் போயிற்று, படம் நிலைத்தது. பின்னர், வரைந்த படத்தினின்று ஆணைத்தொடரைத் தாமே ஆக்கித்தரும் மென்பொருள்களும் எழுந்தன.

மற்றைக் கூட்டத்தார் சில்லின் உள்ளே புகுந்து பார்ப்போர். சில்லைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் அதனைப் போலவே நடிக்கும் கருவியைச் செருகி உள்நிகழ்ச்சியை நோக்கும் முறையை இன்டெல் நிறுவனம் 1975-இல் கொணர்ந்தது. சில்லுகள் சிறுத்துப் பலகையோடு பற்றவைக்கப்பட்ட பின்னர், கழற்றுவது அரிதாயிற்று. 1985-இல் கூடிய 'ஜேடேக்' என்னும் குழுவினர், நான்கைந்து கம்பிகளைக் கொண்டே சில்லோடு உரையாடும் முறையை வகுத்தனர். 1990-இல் அது பொதுத்தரம் ஆயிற்று. பற்றவைப்பு சரியாக உள்ளதா என்று சோதிக்கப் பிறந்த அவ்வழியே, பிழைகாண் கருவியாகிய 'டிபக்கர்' நுழையும் வாயிலாயிற்று என்பது சுவையான செய்தி.

இரு கூட்டத்தாருக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. டிபக்கர் காட்டுவன நினைவக முகவரிகளும் எண்களும். வரைந்தவர் அறிந்தனவோ கட்டங்களும் அம்புகளும். ஹாரல் பங்குகொண்டு நிறுவிய ஐ-லாஜிக்ஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'ராப்சடி' என்னும் மென்பொருள், நிரல் ஓடும்போதே படத்தில் நடப்பு நிலையை ஒளிரச் செய்தது. ஆயின், தன் நிலையைத் தானே அறிவிக்கும் கூடுதல் ஆணைகளை நிரலில் சேர்க்க வேண்டும். அச்சுமையால் ஓட்டத்தின் காலமே மாறிவிடும். கண நேரத்தில் தோன்றும் பிழை, பார்க்கும்போது மறைந்துவிடும். டிபக்கரையும் வரைபடத்தையும் இணைக்கும் முயற்சியின் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஒவ்வொரு கட்டமும் எந்த முகவரியில் ஆணையாயிற்று என்ற அட்டவணை ஒன்று போதும். சில்லிலிருந்து கம்பி வழியே வரும் முகவரியை அது கட்டத்தின் பெயராக மாற்றும்; நிரலில் ஓர் எழுத்தும் கூட்ட வேண்டுவதில்லை. சுழலும் எஞ்சினை இடையில் நிறுத்திப் பார்ப்பது ஆபத்து. ஆதலின், நிறுத்தாமல் சுவடு மட்டும் பதியும் சில்லுகள் இதற்குச் சிறந்தவை.

சுவட்டின் அருமையைச் செவ்வாய்க் கோள் உணர்த்திற்று. 1997 ஜூலை 4 அன்று அங்கு இறங்கிய 'பாத்ஃபைண்டர்' கலத்தின் கணினி, மீண்டும் மீண்டும் தானே புதிதாகத் தொடங்கியது. பூமியில் இருந்த அதன் படிக்கலத்தில் சுவடு பதித்து ஆராய்ந்தபோது, தாழ்ந்த வேலை ஒன்று பிடித்திருந்த பூட்டுக்காக உயர்ந்த வேலை காத்துக்கிடந்தமை தெரிந்தது. திருத்தம் வானொலி அலையிலேயே அனுப்பப்பட்டது.

செவ்வாய் நமக்குத் தொலைவு. கடலோ வாயிலில் உள்ளது. 2004 டிசம்பர் 26-ஐ இத்தீவுகளில் எவரும் மறவார். அதன் பின்னர், 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் அதற்கான மிதவைகளைக் கடலில் நிறுவியுள்ளது. கடலடியில் கிடக்கும் அழுத்தமானி, முன் அளவுகளைக் கொண்டு அடுத்த அளவை ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் சுமார் 30 மில்லிமீட்டர் வேறுபட்டால், அமைதி நிலையினின்று அவசர நிலைக்குத் தாவுகிறது. இரண்டே கட்டங்களும் ஓர் அம்பும்தான். ஆயின், அந்த அம்பு தவறினால் கரையிலுள்ளோர் நிலை என்ன? ஆழத்தில் இறங்கிய பின்னர்க் கம்பி செருக வழியில்லை. அம்பு சரியாகப் பாய்கிறதா என்பதைக் கரையில் இருக்கும்போதே, ஓடும் சில்லினுள் பார்த்துவிட வேண்டும்.